அம்பாசிடர் டைமிங் செயின் மாத்தறது: சத்தம் கேக்கறதுல இருந்து ஹாண்டில் சுத்தறது வரைக்கும்

எங்கூரு கொழிஞ்சாம்பாறைங்க. ரேஷன் கார்டு கேரளா, வாய் தமிழ், வொர்க்‌ஷாப்ல மட்டும் ரெண்டும் பாதிப் பாதி. வீட்டுல நிக்கறது 1991 மாடல் அம்பாசிடர் நோவா, பெட்ரோல், பழைய பிஎம்சி 1489 சிசி இன்ஜின், அப்பா வாங்குனது. உத்தர்பாரா ஃபேக்டரி 2014லயே வண்டி போடறத நிறுத்திருச்சு, அதனால இப்ப இந்த இன்ஜின்ல கை வைக்கத் தெரிஞ்ச ஆளுக நாளுக்கு நாள் கொறைஞ்சுட்டே போறாங்க, இருக்கற ஒண்ணு ரெண்டு பழைய மெக்கானிக் ஆசான்மாருக்கும் கண்ணு மங்கிப் போச்சு. அதான் நான் ரெண்டு தடவ (மொத தடவ தப்பா, ரெண்டாவது தடவ ஒழுங்கா) செயின் மாத்துன கதைய வேல செய்யற வரிசைலயே எழுதி வெக்கறேன். டைமிங் செயின்னா, பிஸ்டன் சுத்தி விடற கிராங்க் ஷாஃப்ட்டையும், வால்வத் தொறந்து மூடற கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கற சங்கிலி.

மொதல்லயே சொல்லிர்றேன், இது 1489 பெட்ரோல் இன்ஜினுக்கு மட்டும். டீசல் அம்பாசிடர்ல இன்ஜெக்‌ஷன் பம்ப் டைமிங்னு தனியா ஒரு தலவலி இருக்கு, 1.8 இசுசூ இன்ஜின் வேற ஜாதி. அந்த வண்டிக்காரங்க இத வெச்சு ஆரம்பிச்சுராதீங்க.

சத்தம் செயின் தானா?

எனக்கு வேலந்தாவளம் செக்போஸ்ட் பக்கம் லாரிக்குப் பின்னால நின்னுட்டு இருந்தப்போ தான் மொதல்ல கேட்டுச்சு. ஐடில்ல நிக்கும்போது முன்னாடி ரேடியேட்டர் பக்கமா, தகர டப்பாக்குள்ள சங்கிலியப் போட்டு மெதுவா உலுக்கற மாதிரி ஒரு சலசல. ஆக்சிலேட்டர் லேசாக் குடுத்தா மறையுது, காலை எடுத்தா மறுபடியும் வருது. காலைல மொத ஸ்டார்ட்ல ரெண்டு மூணு செகண்ட் கறகறன்னு பலமா வந்துட்டு ஆயில் பிரஷர் ஏறுனதும் அடங்கும், ஏன்னா இந்த இன்ஜின்ல செயின் டென்ஷனருக்கு (செயின் தொங்காம அழுத்திப் பிடிக்கறது) ஆயில் போய்த்தான் அது உசுரோட வேல செய்யும்.

டாப்பெட் (வால்வு கேப்) சத்தம் வேறங்க. அது மேல ராக்கர் கவர்ல இருந்து டிக் டிக்னு தாளம் தப்பாம வரும். வாட்டர் பம்ப் பேரிங் போயிருந்தா பெல்ட்டக் கழட்டிட்டு அர நிமிசம் ஓட்டுனா சத்தம் நின்னுரும், அதுலயே தெரிஞ்சுரும். மிச்சத்துக்கு நீளமான ஸ்க்ரூ டிரைவர் முனைய டைமிங் கவர் மேல வெச்சு பிடிய காதுல அழுத்திக் கேளுங்க, ஃபேன் சுத்துது, துண்டு சட்டை எல்லாம் ஒதுக்கிட்டு.

ஆனா காத நம்பறத விட ஒரு நல்ல சோதனை இருக்கு, காசு செலவில்ல. டிஸ்ட்ரிபியூட்டர் (நாலு பிளக்குக்கும் முறை வெச்சு கரண்ட்டப் பிரிச்சுக் குடுக்கறது) மூடியக் கழட்டுங்க, உள்ள சுத்தற ரோட்டர் தெரியும். வண்டிய நியூட்ரல்ல போட்டு, ஸ்பார்க் பிளக் நாலையும் கழட்டிட்டு, ஸ்டார்ட்டிங் ஹாண்டில முன்னாடி சொருகி மெதுவா வலப்பக்கமா சுத்தி, கிராங்க் புல்லி விளிம்புல இருக்கற வெட்டு டைமிங் கவர்ல இருக்கற முள்ளுக்கு நேரா வர்ற மாதிரி நிறுத்துங்க. அந்த முள்ளுகள்ல நீளமானது டாப் டெட் சென்டர் (பிஸ்டன் உச்சில நிக்கற எடம்), மத்தது அஞ்சு டிகிரி, பத்து டிகிரி. இப்ப ஹாண்டில எடுத்துட்டு ஃபேன் பெல்ட்ட அழுத்திப் பிடிச்சோ புல்லி நட்டுல ஸ்பேனர் போட்டோ எதிர்ப்பக்கமா இம்மி இம்மியா திருப்புங்க, இன்னொருத்தர் ரோட்டர் மேல கண்ணு வெக்கணும். புல்லி திரும்புது, ரோட்டர் அசையல, அசையல, அசையல... அசையுது. அந்த இடைவெளி தான் செயின்ல இருக்கற தொங்கல். டிஸ்ட்ரிபியூட்டர் கியர்லயும் கொஞ்சம் லூஸ் இருக்கும், அதனால ரெண்டு மூணு டிகிரிக்கெல்லாம் பயப்பட வேண்டாம். எங்க வண்டில பத்து டிகிரி முள்ளையும் தாண்டி வெட்டு போயிருச்சு, அப்பறம் தான் ரோட்டருக்கு உசுரு வந்துச்சு. மாப்ள பக்கத்துல நின்னுட்டு "ஏனுங் மச்சான், ரோட்டர் ஒடஞ்சிருச்சா?"ன்னான்.

இந்த தொங்கல் என்ன பண்ணும்னு புரிஞ்சுக்கோங்க, கடைசில இது திரும்ப வரும். செயின் நீளுதுன்னு சொல்றோம், ஆனா இரும்பு இழுபட்டு நீளறதில்ல, ஒவ்வொரு கண்ணிலயும் இருக்கற பின்னும் புஷ்ஷும் தேஞ்சு தேஞ்சு அம்பத்தி ரெண்டு கண்ணிலயும் சேர்ந்து மொத்தமா நீளம் கூடுது. அப்ப கேம் ஷாஃப்ட் கிராங்குக்குக் கொஞ்சம் பின்தங்கி ஓடும், வால்வு லேட்டாத் திறக்கும். இந்த இன்ஜின்ல டிஸ்ட்ரிபியூட்டரும் கேம்ல இருந்து தான் சுத்துது, அதனால கரண்ட்டும் லேட்டாகும். இழுவை கொறையுது, மேடு ஏறல, பெட்ரோல் குடிக்குதுன்னு வொர்க்‌ஷாப்புக்குப் போவோம், அவங்க டிஸ்ட்ரிபியூட்டர லேசாத் திருப்பி அட்வான்ஸ் (கரண்ட் கொஞ்சம் முன்னாடியே வர்ற மாதிரி) வெச்சு அனுப்பிருவாங்க. வண்டி ஓடும். நோய் அப்படியே உள்ள இருக்கும்.

என்ன வாங்கணும்

மொத தடவ நான் பண்ணுன முட்டாள்தனம் இங்க தான். செயின் மட்டும் வாங்கிட்டு வந்து போட்டேன். கியர் ரெண்டும் பாக்க நல்லா தான் இருந்துச்சு, டென்ஷனர் ரப்பர் லேசா வரி விழுந்திருந்துச்சு, போகட்டும்னு விட்டேன். நாலே மாசத்துல அதே சலசல. பழைய பல்லுல புது செயின் ஓடுனா பல்லோட தேய்மானத்துக்குத் தக்க செயினும் சீக்கிரமே தேஞ்சுரும்னு ஆசான் அப்பறமா சொன்னாரு, முன்னாடி கேட்டிருந்தா முன்னாடியே சொல்லிருப்பாரு.

அதனால செயின், கிராங்க் கியர், கேம் கியர், டென்ஷனர், டைமிங் கவர் பேக்கிங், கவர் ஆயில் சீல், ரெண்டு லாக் வாஷர் (கேம் நட்டுக்கு ஒண்ணு, கிராங்க் நட்டுக்கு ஒண்ணு). இதெல்லாம் சேர்த்து தான் ஒரு வேல. ரேடியேட்டர் ஹோஸ் ரெண்டும், ஃபேன் பெல்ட்டும் பழசா இருந்தா இதோட மாத்திருங்க, எப்படியும் கழட்டத்தானே போறீங்க.

செயின் வாங்கும்போது ரெட்டை வரிசை ரோலர் செயின் தானான்னு பாருங்க. கண்ணி 3/8 இஞ்ச், மொத்தம் 52 கண்ணி, அப்படின்னா சுத்தளவு 19.5 இஞ்ச். கடைல கண்ணிய எண்ணறதுக்கு கூச்சப்படாதீங்க, எனக்கு ஒரு கடைல வேற ஏதோ வண்டி செயின "எல்லாம் ஒண்ணு தாங்க"ன்னு தலைல கட்டப் பாத்தாங்க. நான் கோயமுத்தூருக்குப் போய் வாங்குனேன், எங்களுக்கு பாலக்காடு போறதும் அதுவும் கிட்டத்தட்ட ஒரே அலைச்சல் தான், ஆனா லேத் வேல ஏதாச்சும் இருந்தா கோயமுத்தூர்ல அன்னிக்கே முடிச்சுட்டு வந்துரலாம்.

டூல்ஸ் விசயத்துல ஒண்ணே ஒண்ணு: இது இஞ்ச் வண்டி. டைமிங் கவர் சின்ன போல்ட்டுக்கு 7/16, பெரிய போல்ட்டுக்கு 1/2 ஸ்பேனர். 7/16க்கு 11 நம்பர் இழுத்துப் புடிச்சு உக்காரும், ஆனா 1/2க்கு 13 போட்டீங்கன்னா ஆட்டம் இருக்கும், இறுகிப் போன போல்ட்டு தலை உருண்டுரும், அப்பறம் உளி சுத்தியல்னு நாள் முழுக்க அழுகை. இது போக புல்லி புல்லர் ஒண்ணு, டார்க் ரெஞ்ச் ஒண்ணு, 1/8 இஞ்ச் ஆலன் கீ ஒண்ணு, டைமிங் லைட் ஒண்ணு. புல்லரும் லைட்டும் ஆசான்கிட்ட கடன் வாங்குனேன்.

காத்து

இத யாரும் எழுத மாட்டாங்க, அதனால நான் எழுதறேன். எங்க ஊரு பாலக்காட்டு கணவாய்க்குள்ள இருக்கு. ஆனி ஆடில இங்க அடிக்கற காத்துக்கு கோழிக்குஞ்சு பறக்கும். இன்ஜின் முகத்தத் தொறந்து வெச்சுட்டு தென்னந்தோப்புல வேல பண்ணுனா மண்ணு அப்படியே செயின் அறைக்குள்ள போகும், அங்கிருந்து நேரா ஆயில் சேம்பருக்கு. மொத தடவ நான் பண்ணுனது சரியா ஜூன் மாசம். ரெண்டாவது தடவ மாசி மாசம், ஷெட்டுக்குள்ள, தார்ப்பாய் கட்டி. மூணு பக்கம் மறைப்பு இல்லாத எடத்துல இத ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க.

கழட்டறது

வண்டிய சமதரைல நிறுத்தி, பின் சக்கரத்துக்கு கல்லு வெச்சு, பேட்டரி டெர்மினல் கழட்டுங்க. இன்ஜின் ஆறியிருக்கணும். ரேடியேட்டர் தண்ணிய பக்கெட்டுல புடிங்க, கூலன்ட் கலந்திருந்தா அத தரைல விட்டுராதீங்க, இனிப்பா இருக்கும்னு நாயும் ஆடும் நக்கும், நக்குனா சாகும். ஹோஸ் கழட்டி, ரேடியேட்டர் போல்ட்ட எடுத்து, ரேடியேட்டர நேரா மேல தூக்கிருங்க. ஃபேன் இறக்கை மேல உரசாம ரெண்டு பேர் தூக்குனா நல்லது. அப்பறம் பெல்ட், ஃபேன்.

முன்னாடி எடம் காலியாச்சுன்னா அழுக்கத் துடைங்க. கவர் சுத்தி, புல்லி சுத்தி எல்லாம் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போட்டு. சோம்பல் படாதீங்க, கவரத் தொறந்ததுக்கப்பறம் துடைச்சா எல்லாம் உள்ள தான் விழும்.

ஸ்பார்க் பிளக் எல்லாம் கழட்டி வெச்சிருக்கறப்பவே ஹாண்டில்ல சுத்தி புல்லி வெட்டு மார்க்க நீள முள்ளுக்கு நேரா கொண்டு வந்து நிறுத்துங்க. ரோட்டர் எந்தப் பக்கம் பாத்துட்டு இருக்குன்னு மொபைல்ல ஒரு போட்டோ. டிஸ்ட்ரிபியூட்டர அதுக்கப்பறம் தொடவே தொடாதீங்க, அதோட கிளாம்ப் போல்ட்டயும்.

இப்ப கிராங்க் நட்டு. அம்பாசிடர்ல இது வெறும் நட்டு இல்ல, ஹாண்டில் போய் கவ்வறதுக்கு பல்லு வெட்டுன நட்டு. கீழ ஒரு லாக் வாஷர் மடிச்சு விட்டிருக்கும், அத உளியும் சுத்தியலும் வெச்சு மெதுவா நிமித்துங்க. அப்பறம் டாப் கியர் போட்டு, ஹாண்ட் பிரேக் இழுத்து, ஒருத்தர் உள்ள உக்காந்து கால் பிரேக்கயும் அழுத்தணும், நீங்க நீளமான பைப் சொருகுன ஸ்பேனர்ல இடப்பக்கமா திருப்பணும். முப்பது வருசமா கழட்டாத நட்டுன்னா அசையாது. அன்னிக்கு சாயங்காலம் கொஞ்சம் பெனட்ரேட்டிங் ஆயில் ஊத்தி விட்டுட்டு மறுநாள் பாருங்க. ஸ்டார்ட்டர் அடிச்சு ஸ்பேனர தரைல முட்ட வெச்சு கழட்டற வித்தைய சில பேர் சொல்லுவாங்க, கையும் போகும் சேசிஸ்ஸும் போகும், வேண்டாம்.

நட்டு வந்ததும் புல்லர் போட்டு புல்லிய இழுங்க. சுத்தியல்ல தட்டுனா புல்லி விளிம்பு வளைஞ்சுரும், அந்த விளிம்புல தான் வெட்டு மார்க் இருக்கு, அப்பறம் டைமிங் எதுல பாப்பீங்க? கிராங்க் மேல புல்லி வழுக்காம பிடிக்கற ஹாஃப் மூன் கீய எடுக்கணும்னு அவசியமில்ல, ஆனா அது லூசா இருந்தா எடுத்து பத்திரமா வெச்சுக்கோங்க.

புல்லி வந்தா கவர் போல்ட்டு எல்லாம். ரெண்டு சைஸ் இருக்கறதால ஒரு அட்டைல கவர் படத்த வரைஞ்சு அந்தந்த ஓட்டைல சொருகி வெச்சா திரும்பப் போடும்போது தேட வேண்டாம். சேம்பரக் கழட்ட வேண்டியதில்ல. கவர் ஒட்டிட்டு இருந்தா மரக் கட்டையால பக்கவாட்டுல தட்டுங்க, ஸ்க்ரூ டிரைவர் குடுத்து நெம்புனா தகரம் வளைஞ்சு ஆயுசுக்கும் ஆயில் கசியும்.

கவர் வந்த உடனே உள்பக்கத்த வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க. எங்களதுல ஒரு பக்கம் வெள்ளி மாதிரி பளபளன்னு ரெண்டு கோடு, செயின் தொங்கி கவர்லயே உரசி அறுத்த கோடு. தொட்டா நகம் உள்ள போச்சு. சத்தம் எங்கிருந்து வந்துச்சுன்னு அதுக்கு மேல யாருகிட்டயும் கேக்க வேண்டியதில்ல. கோட்டுல தகரம் ஓட்டையாகற அளவுக்கு மெலிஞ்சிருந்தா கவரயும் மாத்தணும்.

உள்ள என்ன இருக்கு

கிராங்க் மேல மொதல்ல ஒரு தட்டு மாதிரி இருக்கும், ஆயில் த்ரோயர்னு சொல்லுவாங்க. எந்தப் பக்கம் குழியா இருக்குன்னு பாத்து போட்டோ எடுத்துட்டுக் கழட்டுங்க. குழிப் பக்கம் வெளிய, அதாவது கவரப் பாத்து இருக்கணும். சிலதுல "எஃப்"னு எழுத்து இருக்கும், அந்த எழுத்து முன்னாடி தெரியணும். இத மாத்திப் போட்டா கழுத்து சீல்ல ஆயில் கொட்டும், எதனால கொட்டுதுன்னே தெரியாம மூணு சீல் மாத்துவீங்க.

அப்பறம் தான் சின்ன கியர் கீழ, பெரிய கியர் மேல. பெரியதுல பல்லு சின்னதை விட ரெண்டு மடங்கு, ஏன்னா கிராங்க் ரெண்டு சுத்து சுத்துனா கேம் ஒரு சுத்து. ரெண்டு கியர்லயும் முகத்துல ஒரு சின்னக் குழிப் புள்ளி இருக்கும். அந்த ரெண்டு புள்ளியும் ஒண்ணையொண்ணு பாத்துட்டு நேருக்கு நேர் நிக்கணும். நீள முள்ளுல நிறுத்தியும் அப்படி நிக்கலன்னா கேம் இன்னும் அரைச் சுத்து பின்னாடி இருக்குன்னு அர்த்தம், கிராங்க இன்னொரு முழுச் சுத்து சுத்துனா வந்துரும். நட்டும் புல்லியும் கழட்டுனதுக்கப்பறம் எப்படிச் சுத்தறதுன்னு முழிக்காதீங்க, நட்டத் திரும்ப கைல முடுக்கி ஹாண்டில் போடலாம். புள்ளிகள் நேரா வந்ததும் ஒயிட்னர் வெச்சு ரெண்டு புள்ளிக்கும் பொட்டு வெச்சு போட்டோ எடுங்க. அழுக்கு ஆயில்ல அந்தக் குழி கண்ணுக்குத் தெரியாது, நம்பாம அழுக்கத் துடைச்சுட்டுப் பாருங்க.

இப்பவே ஒரு துணிய செயினுக்குக் கீழ இருக்கற இடைவெளில செருகி வெச்சுருங்க. ஹாஃப் மூன் கீயோ வாஷர் துண்டோ கீழ விழுந்தா நேரா சேம்பருக்குப் போயிரும், அப்பறம் சேம்பரும் கழட்டணும்.

டென்ஷனர். பழசுல பாடி அடில ஒரு போல்ட்டு பிளக் இருக்கும், அத எடுத்துட்டு உள்ள 1/8 ஆலன் கீ விட்டு வலப்பக்கமா அரைச் சுத்துல இருந்து ஒரு சுத்து வரைக்கும் திருப்புனா ரப்பர் தலை உள்வாங்கி நிக்கும். அதுக்கப்பறம் போல்ட்டு ரெண்டும் எடுத்தா வந்துரும். உள்ள ஸ்ப்ரிங் இருக்கு, முகத்துக்கு நேரா வெச்சு கழட்டாதீங்க. உங்க வண்டில யாராவது வேற டைப் டென்ஷனர் போட்டிருந்தா அதோட வழில போங்க.

கேம் நட்டு லாக் வாஷர நிமித்தி நட்டக் கழட்டுங்க, அதுக்கு கிராங்க் மாதிரி பிடிவாதம் இருக்காது. ரெண்டு கியரயும் செயினோட சேர்த்து மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி நெம்பி இழுக்கணும், ஒண்ண மட்டும் இழுத்தா செயின் கோணிக்கும். சின்ன கியருக்குப் பின்னாடி மெல்லிசு வாஷர்கள் ஒண்ணு ரெண்டு இருக்கும். ஐயையோ, அத தூக்கிப் போட்டுராதீங்க. ரெண்டு கியரும் ஒரே கோட்டுல ஓடறதுக்கு வெச்ச ஷிம் அது.

பழச புதுசோட பாக்கறது

ஒரு ஆணி அடிச்சு பழைய செயினயும் புது செயினயும் பக்கத்துல பக்கத்துல தொங்க விடுங்க. எங்களது புதுசவிட கண்ணால தெரியற அளவுக்குக் கீழ தொங்குச்சு. இன்னொண்ணு, செயின படுக்க வெச்சு ஒரு ஓரத்தப் புடிச்சுத் தூக்குங்க, புதுசு விறைப்பா நிக்கும், தேஞ்சது சாரைப்பாம்பு மாதிரி வளையும். பழைய கியர் பல்லு ஒரு பக்கமா கொக்கி மாதிரி சாஞ்சிருக்கும், விரல் நகத்த வெச்சா தெரியும். எங்க அம்மா அந்தப் பழைய செயின எடுத்துக் கழுவி மாட்டுக் கொட்டாய் கதவுல மாட்டிருச்சு, இன்னிக்கும் அங்க தான் இருக்கு.

புல்லி கழுத்துல சீல் உரசற எடத்தயும் தடவிப் பாருங்க. மோதிரம் மாதிரி பள்ளம் விழுந்திருந்தா புது சீல் போட்டாலும் ஆயில் வடியும். லேத்துல குடுத்து மெல்லிசு ஸ்லீவ் ஏத்தித் தருவாங்க, இல்லன்னா வேற புல்லி.

டென்ஷனருக்கு பிளாக்ல இருந்து ஆயில் வர்ற சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கும். பலமா ஊதுங்க, இல்லன்னா கம்ப்ரசர் காத்து. அது அடைச்சிருந்தா புது டென்ஷனரும் பொம்மை தான்.

போடறது

மொதல்ல செயின் இல்லாம ரெண்டு புது கியரயும் அந்த ஷிம்மோட ஷாஃப்ட்ல சொருகி, நேரான ஸ்கேல் ஒண்ணு ரெண்டு கியர் பல் மேலயும் குறுக்க வெச்சுப் பாருங்க. சின்ன கியருக்கும் ஸ்கேலுக்கும் நடுவுல சந்து தெரிஞ்சா ஃபீலர் கேஜ் விட்டு எவ்வளவுன்னு அளந்து அந்த அளவுக்கு ஷிம் கூட்டணும், கொறைக்கணும். பழைய ஷிம் அப்படியே சரியா இருக்கும்னு நெனைக்காதீங்க, கியர் புதுசு.

அப்பறம் கழட்டி, கிராங்க் கீ பள்ளம் நேரா மேல பாக்கற மாதிரியும், கேம் கீ பள்ளம் கடிகாரத்துல ஒரு மணி பக்கம் பாக்கற மாதிரியும் வெச்சுக்கோங்க, முன்னாடி நின்னு பாக்கறப்போ. ரெண்டு கியர்லயும் செயின் மாட்டி புள்ளிக ரெண்டும் நேருக்கு நேர் வர்ற மாதிரி கைல புடிச்சு, மூணையும் ஒரே நேரத்துல ஷாஃப்ட்ல ஏத்தணும். சின்ன கியர் அதோட ஹாஃப் மூன் கீல உக்காந்ததும் கேம லேசாத் திருப்புனா பெரிய கியர் கீலயும் உக்காரும். இது மூணாவது கை தேவைப்படற வேல. நானும் மாப்ளயும் அஞ்சு தடவ ஏத்தி எறக்கி இருப்போம்.

புள்ளி நேரா இருக்கான்னு குனிஞ்சு நேர் எதுர பாருங்க. நின்னுட்டு மேல இருந்து பாத்தா ஒரு பல் தள்ளி இருந்தாலும் நேரா இருக்கற மாதிரியே தெரியும், மொத தடவ எனக்கு அப்படித்தான் ஏமாந்து போச்சு, வண்டி ஸ்டார்ட் ஆச்சு, ஆனா சைக்கிள் விட மெதுவாப் போச்சு. கேம் கியர்ல பல்ல எண்ணிப் பாருங்க, 40 இருந்தா ஒரு பல்லுக்கு கேம்ல 9 டிகிரி, கிராங்க்ல 18 டிகிரி. அவ்வளவு தப்பு ஒரே பல்லுல.

சரியா உக்காந்ததும் கேம் லாக் வாஷர், நட்டு. மேனுவல் கணக்குல கேம் நட்டுக்கு 60ல இருந்து 70 பவுண்ட் அடி, டார்க் ரெஞ்ச் வெச்சு. வாஷர் நாக்க மடிச்சு விடுங்க.

டென்ஷனர் போல்ட்டு முடுக்கி, தலை தடையில்லாம அசையுதான்னு பாத்துட்டு, ஆலன் கீய விட்டு மறுபடியும் வலப்பக்கமாவே திருப்புனா டக்குன்னு தலை வெளிய வந்து செயின அழுத்தும். இடப்பக்கமா திருப்பாதீங்க, கையால தலைய செயின் மேல தள்ளாதீங்க. பிளக் போடுங்க. செயின்லயும் பல்லுலயும் இன்ஜின் ஆயில தாராளமா ஊத்துங்க.

இதுக்கு மேல கவர் போடறதுக்கு முன்னாடி ஒரு வேல இருக்கு, இத விட்டீங்கன்னா மேல எழுதுனது எல்லாம் வீண். கிராங்க் நட்ட கைல முடுக்கி ஹாண்டில் போட்டு இன்ஜின வலப்பக்கமா முழுசா ரெண்டு சுத்து சுத்துங்க. சாவியத் தொடாதீங்க, கையால மட்டும். எங்கியாச்சும் கெட்டியா முட்டுனா நிறுத்துங்க, பலம் காட்டாதீங்க, ஏதோ தப்பா இருக்கு. ரெண்டு சுத்து முடிஞ்சதும் புள்ளிக மறுபடியும் நேருக்கு நேர் வந்து நிக்கணும். ரோட்டர் பழைய போட்டோல இருந்த எடத்துக்கு கிட்ட பாக்கணும். நான் நாலு தடவ சுத்துனேன், பயம்.

துணிய எடுத்துட்டீங்களா? எடுங்க.

ஆயில் த்ரோயர் குழிப் பக்கம் வெளிய. கவர்ல பழைய சீலத் தட்டி எடுத்து புதுசு, உதடு இருக்கற பக்கம் உள்ள பாத்த மாதிரி. ஃபெல்ட் சீல் வர்ற கவரா இருந்தா ஆயில்ல ஊற வெச்சுப் போடுங்க. பேக்கிங் பேப்பருக்கு சீலன்ட் மெல்லிசா, ரொட்டிக்கு ஜாம் தடவற மாதிரி தடவாதீங்க. போல்ட்டு எல்லாத்தயும் கைல மட்டும் முடுக்கி கவர் ஆட்டம் குடுக்கற மாதிரி விட்டுட்டு, புல்லிக் கழுத்துல ஆயில் தடவி உள்ள ஏத்துங்க. புல்லியே சீல நடுவுக்குக் கொண்டு வந்துரும். அதுக்கப்பறம் போல்ட்டுகள எதிரெதிரா முடுக்குங்க, சின்னதுக்கு 6 பவுண்ட் அடி, பெருசுக்கு 14, அதுக்கு மேல வேண்டாம். புல்லி நட்டுக்கு 70, லாக் வாஷர மடிங்க.

ஃபேன், பெல்ட், ரேடியேட்டர், ஹோஸ் எல்லாம் கழட்டுன மாதிரியே. ஆயில் பழசா இருந்தா இப்ப மாத்திருங்க, தொறந்து வெச்சிருந்த இன்ஜின்ல எவ்வளவு பாத்தாலும் கொஞ்சம் தூசி போயிருக்கும். ஃபில்டரும்.

மொத ஸ்டார்ட்

காயில்ல இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வர்ற நடு வயர கழட்டி பிளாக்ல எர்த் பண்ணிட்டு, ஸ்டார்ட்டர பத்து பத்து செகண்டா அடிங்க, ஆயில் லைட் அணையற வரைக்கும். அப்ப தான் டென்ஷனருக்கு ஆயில் போகும். அப்பறம் வயர மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க.

இப்ப நான் முன்னாடி சொன்னது திரும்ப வருது. பழைய செயின் பின்தங்குனதுக்கு யாரோ டிஸ்ட்ரிபியூட்டர திருப்பி வெச்சிருப்பாங்க, இல்லீங்களா? புது செயின் கேம பழைய எடத்துக்குக் கொண்டு வந்துருச்சு, அந்த திருப்பல் மட்டும் மிச்சம் இருக்கு. அதனால இப்ப அட்வான்ஸ் அதிகமாகி மேட்டுல டக்கு டக்குன்னு நாக்கிங் வரும். செயின் மாத்துனதுனால தான் வந்துச்சுன்னு செயின் மேல பழி போடறவங்க இருக்காங்க. டைமிங் லைட்ட மாட்டி, மேனுவல்ல இருக்கற டிகிரிக்கு டிஸ்ட்ரிபியூட்டர செட் பண்ணுங்க. முன்னாடி தொடாதீங்கன்னு சொன்ன கிளாம்ப இப்ப தொடலாம்.

டாப்பெட்டும் பாருங்க. ஒன்பது கணக்கு ஞாபகம் வெச்சுக்கோங்க, எட்டாவது வால்வு முழுசா தொறந்திருந்தா ஒண்ணாவத செட் பண்ணணும், ஆறாவது தொறந்திருந்தா மூணாவத, ரெண்டும் கூட்டுனா எப்பவும் ஒன்பது. கேப் அளவு மேனுவல்ல இருக்கறதே.

500 கிலோமீட்டர் ஓடுனதும் கவர் போல்ட்டுகள ஒரு சுத்து பாருங்க, சீல்ல ஈரம் இருக்கான்னு விரல்ல தடவிப் பாருங்க, ஃபேன் பெல்ட்ட இழுங்க.

நான் சரியா 500 ஓட்டிட்டு ஆசான்கிட்ட கொண்டு போனேன், புல்லரையும் லைட்டையும் திருப்பிக் குடுக்கணும்ல. அவரு சிகரெட்ட ஒதட்டுல வெச்சுட்டே ஸ்க்ரூ டிரைவர எடுத்து கவர்ல வெச்சு காத குடுத்தாரு. ரொம்ப நேரம். அப்பறம் நிமிந்து "செயின் கொள்ளாம் மோனே"ன்னாரு, நல்லா இருக்கு மகனேன்னு. நான் சந்தோசமாகறதுக்குள்ள ஸ்க்ரூ டிரைவர ராக்கர் கவருக்கு மாத்தி, "பக்ஷே (ஆனா) டாப்பெட் நாலாமத்தது கேக்கறுண்டு, இத்தன நாள் செயின் சத்தத்துல மறஞ்சிருந்துச்சு போல"ன்னாரு. வர்ற ஞாயித்துக்கிழம மறுபடியும் ராக்கர் கவரக் கழட்டணும்.